20 மில்லிமீட்டர் துளை, 20 கொண்டை ஊசி வளைவு

கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஜனவரியில் ஃபார்முலா பாரத் போட்டி பார்க்கப் போகிறவர்கள், தொடக்க நாள்களில் சற்று ஏமாந்துதான் போவார்கள். தளத்தில் சீறும் கார் எதுவும் இருக்காது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார்கள். முன்னால் நிற்கும் கார் ஓர் இரும்பு மேசைமீது ஏற்றப்படும். அணியிலேயே உயரமான ஓட்டுநர் பெல்ட் மாட்டி உள்ளே உட்கார்ந்திருக்க, மேசை பக்கவாட்டில் மெல்லச் சாயும். 60 பாகை வரை சாய்ந்து அப்படியே நிற்கும். சக்கரம் மேசையை விட்டு எழும்பக் கூடாது. பிரேக் ஆயிலோ ரேடியேட்டர் தண்ணீரோ பெட்ரோலோ ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. கசிந்தால் பட்டறைக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதைத் தாண்டினால் அடுத்த சோதனை. முழு உடுப்போடும் தலைக்கவசத்தோடும் இருக்கும் ஓட்டுநர் 5 விநாடிக்குள் காரை விட்டு வெளியேறிக் காட்ட வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் இரண்டு நிமிடம் தண்ணீரைப் பொழிந்து, மின்கசிவுக் காவல் கருவி விழுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக பிரேக். வேகமெடுத்து வந்து மிதித்ததும் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டாலும் தோல்வி. இவை எல்லாவற்றுக்கும் ஒட்டுவில்லை வாங்கிய பிறகே கார் தளத்தில் இறங்கலாம். எங்கோ ஒரு ஹோஸ் கிளிப்பைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் சாய்வு மேசை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் வேறெந்த விடைத்தாளும் இவ்வளவு கறாராகத் திருத்தப்படுவதில்லை. மாணவர்களே நடத்தும் வடிவமைப்பு அணிகளில் ஏன் சேர வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மேசை அருகில் நின்றால் பாதி விடை கிடைத்துவிடும்.

மோதலும் முந்தலும் இந்தப் போட்டியில் இல்லை. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 மதிப்பெண் கார் நின்றுகொண்டிருக்கும்போதே தீர்மானமாகிவிடும். வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, இந்தக் காரைத் தொழிலாக நடத்த முடியுமா என்று விளக்கும் வணிகத் திட்டத்துக்கு 75. செலவுக் கணக்கு என்றால் தோராயக் கணக்கு அல்ல. ஒவ்வொரு போல்ட், ஒவ்வொரு வாஷர், ஒவ்வொரு வெட்டு, ஒவ்வொரு வெல்டிங் நீளம் என எல்லாமே பட்டியலில் இருந்தாக வேண்டும். இந்தத் தாங்கியை ஏன் அலுமினியத்தில் கடைந்தீர்கள், தகட்டை வளைத்துச் செய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று வாகனத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட நடுவர்கள் கேட்பார்கள். 'சீனியர் அண்ணா அப்படித்தான் செய்தார்' என்ற பதில் அங்கே செல்லாது.

பெட்ரோல் கார்களுக்கு ஒரு விதி உண்டு. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வந்த விதி இது. மாணவருக்கு அதுவே பெரிய பாடமாகிவிடுகிறது. குறுகிய கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் காற்று புகாது. திரவ இயக்கவியல் தாளில் இது ஒரு சமன்பாடு. ஐந்து மதிப்பெண் கேள்வி. தேர்வு முடிந்த மறுநாளே மறந்து போவதும் உண்டு. அணியில் இருப்பவருக்கோ அது குதிரைத்திறன் கணக்கு. துளைக்கு முன்னால் குழாய் எந்தக் கோணத்தில் குறுக வேண்டும், பின்னால் எவ்வளவு நிதானமாக விரிய வேண்டும், விரிவு அதிகமானால் காற்று சுவரை விட்டு எங்கே பிரியும் என்று கணினியில் பார்க்கிறார். முப்பரிமாண அச்சில் நாலைந்து வடிவம் எடுக்கிறார். இந்திய அணிகள் பலவும் கே.டி.எம். 390 பைக்கின் 373 சி.சி. எஞ்சினைப் பயன்படுத்துகின்றன. அந்த எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டி ஓட்டிப் பார்க்கும்போது, கணினி சொன்னது எவ்வளவு தூரம் உண்மை என்பது தெரிகிறது.

கரி என்ற பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோவையில் பந்தய ஓட்டுநராகவும் கார் கட்டுபவராகவும் இருந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர். இறக்குமதிக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்குப் பந்தயத்தின் கதவைத் திறந்தது அந்தக் கார்தான். பின்னாளில், 2005-இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்ப நாள்களில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்துக் கார் கட்டிய மனிதரின் பெயரைத் தாங்கிய தளத்தில் மாணவர்கள் தங்கள் காரைச் சோதிக்க வருகிறார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

போட்டியின் வடிவம் நம் நாட்டில் பிறந்தது அல்ல. 1981-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. தொடங்கியது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் பாஹா வண்டிப் போட்டி அதற்கும் மூத்தது; 1976. இந்தியாவில் பாஹா 2007-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் காலூன்றியது. ஃபார்முலா வகைப் போட்டியான சுப்ரா 2011-இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் நடந்தது.

ஆனால் மாணவர்கள் கூடி ஒரு பொறியை வடிவமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்.ஐ.டி.) 1950-களில் ஐந்து மாணவர்களுக்கு ஒரு திட்டப்பணி தரப்பட்டது. தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை அவர்கள் வடிவமைக்க வேண்டும். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் என்று மற்றவர்கள் பிரித்துக்கொள்ள, காற்றியக்க வடிவம் அப்துல் கலாம் என்ற மாணவரின் பொறுப்பில் வந்தது. வேலை சுணங்கியதைக் கண்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். படிப்புக்கு அந்தத் தொகையையே நம்பியிருந்த கலாம் இரவெல்லாம் வரைபலகையை விட்டு நகரவில்லை. தன் வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். கெடு அவரை முடுக்கியது உண்மை. அதைவிட முக்கியமான ஒன்று அந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. தன் பங்கு வராவிட்டால் மற்ற நால்வரின் வேலையும் நின்றுவிடும் என்ற நிலையில் ஒருவர் வரைந்தார். தனித்தாள் தேர்வு எதிலும் அந்த நிலை வருவதில்லை.

பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான அதே எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இஸ்ரோவின் துணையோடு உருவாக்கிய அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ஏவுகலத்தில் விண்ணுக்குப் போனது. எடை 40 கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. அடுத்த ஆண்டு ஜூலை 12-இல் பெங்களூரு, ஐதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் கூடிச் செய்த ஸ்டட்சாட் ஏவப்பட்டது. ஒரு கிலோவுக்கும் குறைவு. 2011 அக்டோபர் 12-இல் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட், 2016 ஜூன் 22-இல் சத்யபாமா பல்கலைக்கழகத்தின் 1.5 கிலோ செயற்கைக்கோள், 2017 ஜூன் 23-இல் குமரி மாவட்டம் குமாரகோவிலின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்துடைய 15 கிலோ நியூசாட் என்று வரிசை நீண்டது. செயற்கைக்கோள் மேலே போனபின் கழற்றிச் சரிசெய்ய முடியாது. ஆகவே இந்தத் திட்டங்களில் மாணவரின் பெரும்பகுதி உழைப்பு சோதனையில் கழிகிறது. அதிர்வு மேசை, வெப்ப வெற்றிடக் கலம் இரண்டிலும் தன் சாலிடர் இணைப்பு தாக்குப்பிடிக்குமா என்று காத்திருப்பதும் அதில் அடக்கம்.

எம்.ஐ.டி.யின் தக்ஷா டிரோன் அணியைப் பலருக்கும் தெரிந்திருக்கும். நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகராக இருந்ததே காரணம். 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில், எட்டாத இடத்தில் நோயுற்றிருக்கும் ஒருவரிடமிருந்து இரத்த மாதிரியை எடுத்து வரும் பணியில் இந்த அணி இரண்டாம் இடம் பெற்றது. 2020-இல் கொரோனா பரவியபோது கிருமிநாசினி தெளிக்க இதே அணியின் டிரோன்கள் பறந்தன. போட்டிக்காகச் செய்த பொருள் ஊருக்குப் பயன்பட்டதற்குக் கைக்கெட்டும் சான்று இது.

இப்போது இந்தக் களத்தில் தமிழ்நாட்டின் பெரிய பெயர் சென்னை ஐ.ஐ.டி. 1981-இல் படித்து முடித்த முன்னாள் மாணவர்களின் உதவியோடு 2008-இல் அங்கே புத்தாக்க மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாணவரே நடத்தும் பட்டறை அது. ரஃப்தார் பந்தய அணி, காற்று நீக்கிய குழாயில் விரையும் ஹைப்பர்லூப் வண்டியைச் செய்யும் ஆவிஷ்கார் அணி, சூரிய ஒளிக் கார் கட்டும் அக்னிரத் என்று பல அணிகள் அதைச் சுற்றி வளர்ந்தன. பெட்ரோல் கார்களையே கட்டிவந்த ரஃப்தார், 2022 நவம்பரில் தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. பத்துத் துறைகளைச் சேர்ந்த 45 மாணவர்கள் அதில் உழைத்திருந்தார்கள். அக்னிரத் 2023-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கிலோமீட்டர் ஓடும் உலகச் சூரியக் கார் போட்டியில் கலந்துகொண்டது.

ஆவிஷ்கார் கதை இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. 2017-இல் உருவான அந்த அணி 2019-இல் கலிபோர்னியாவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. ஆசியாவிலிருந்து போன ஒரே அணி. அந்தப் போட்டி அத்தோடு நின்றுபோனது. வேறு அணியாக இருந்தால் கோப்பைப் படங்களை மாட்டிவிட்டுக் கலைந்திருக்கும். இவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று ஓடியவர்கள் பட்டம் பெற்றுப் போனார்கள், அடுத்த தலைமுறை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. தையூரில் உள்ள ஐ.ஐ.டி.யின் இரண்டாம் வளாகத்தில் 422 மீட்டர் நீளச் சோதனைக் குழாய் 2024 டிசம்பரில் தயாரானது. ஒரு மாணவர் தலைமுறை போட்ட கோட்டில் இன்னொரு தலைமுறை குழாய் பதித்திருக்கிறது. ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு ஆள் வெளியேறிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம் இதை எப்படிச் சாதிக்கிறது?

கல்வி ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை வேறு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஜீன் லேவ், மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்கடைகளில் தொழில் பழகும் சிறுவர்களை நெடுங்காலம் கவனித்தவர். புதிதாக வந்தவனிடம் யாரும் துணியையும் கத்தரிக்கோலையும் கொடுப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, இஸ்திரி போடுவது என்று கடைசி வேலையிலிருந்து அவன் பயிற்சி தொடங்குகிறது. முடிந்த சட்டை எப்படி இருக்கும் என்று கை பழகியபின் தைக்க வருகிறான். வெட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான், ஏனெனில் தப்பாக வெட்டினால் துணி போச்சு. எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட நூலில், அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, வேலை செய்யும் கூட்டத்தின் நடைமுறையில் இருக்கிறது, புதியவர் அதன் ஓரத்தில் நுழைந்து மெல்ல நடுவுக்கு வருகிறார் என்று அவர் வாதிட்டார்.

நம் கல்லூரி அணிகளும் இப்படித்தான் நடக்கின்றன. முதலாண்டு மாணவர் பட்டறையைக் கூட்டுகிறார், வெட்டிய குழாயின் பிசிறை அரத்தால் ராவுகிறார், நட்டுகளை அளவு பிரித்து டப்பாவில் போடுகிறார். எடுபிடி வேலை என்று பெற்றோருக்குத் தோன்றலாம். எட்டாம் எண் போல்ட்டுக்கும் பத்தாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிவது அங்கேதான். இரண்டாம் ஆண்டில் சட்டகத்துக்குக் குழாய் வெட்டி, ஜிக்கில் பொருத்தி, டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைக்கக் கொடுக்கிறார்கள். கணினியில் மில்லிமீட்டர் பிசகாமல் நின்ற சட்டகம் முழு வெல்டிங் முடிந்ததும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். சூடான உலோகம் ஆறும்போது சுருங்குவதுதான் காரணம். எந்தப் பக்கம் முதலில் வைக்க வேண்டும், எதை ஆற விட்டு எதைத் தொடர வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடி பட்டறைகளில் இருக்கும் வெல்டர்கள் தெளிவாகச் சொல்வார்கள். கொங்குப் பகுதி அணிகளுக்கு இந்த வாய்ப்பு பக்கத்திலேயே கிடக்கிறது. பேராசிரியரிடம் கேட்கத் தயங்காத மாணவர் வெல்டர் அண்ணனிடமும் கேட்கப் பழகுவது அணி வாழ்க்கையின் பெரிய ஆதாயங்களில் ஒன்று.

மூன்றாம் ஆண்டில் பிரேக்குக்கோ சஸ்பென்ஷனுக்கோ முழுப் பொறுப்பு. நான்காம் ஆண்டில் ஒப்படைப்பு. எந்த எண்ணை ஏன் தேர்ந்தோம், எது உடைந்தது, எந்தக் கடையில் எந்தப் பேரிங் கிடைக்கும் என்று எழுதி வைக்காமல் போகும் அணி அடுத்த ஆண்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. பல அணிகள் இப்படித்தான் இரண்டே ஆண்டில் கரைந்து போகின்றன. நிலைத்த அணிகளின் இரகசியத்தை அவர்கள் காரில் தேடுவதைவிடக் கோப்புகளில் தேடினால் கிடைக்கும்.

தானே பங்கெடுத்துக் கற்பது வகுப்பில் கேட்டுக் கற்பதைவிட மேலானது என்பதற்கு எண்களும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், பங்கெடுத்துக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். இந்த ஆய்வு வகுப்பறையைப் பற்றியது, பந்தய அணிகளைப் பற்றியது அல்ல. ஆகவே அணியில் சேர்ந்தாலே மதிப்பெண் கூடும் என்று இதை வைத்துச் சொல்வது நேர்மையாகாது. செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் சேசிஸ் வெல்டிங் நடந்தால் நடப்பது வேறு. அரியர் விழும்.

அந்தச் சிக்கலை மூடி மறைத்துவிட்டு யாரையும் அணிக்கு அழைக்கக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். போட்டிக்குப் போகும் வாரம், அதற்கு முன் தூங்காத மாதம் எல்லாம் அந்தக் கணக்கில் இடிக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சூரியக் கார் அணி மாணவர்கள் பலர் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்துவிட்டு முழுநேரமும் காரில் உழைக்கிறார்கள். 2001-இல் முதன்முறை போட்டியிட்டபோதே அந்த அணி உலகச் சூரியக் கார் போட்டியை வென்றது. அதே அணியின் கார் 2019-இல் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது கடைசி நாளில் தீப்பிடித்து எரிந்துபோனதும் உண்டு, ஓட்டுநர் தப்பினார். ஓராண்டு உழைப்பு சாலையோரம் கருகுவதைப் பார்த்தும் அடுத்த அணி வந்து சேர்ந்தது. நம் குடும்பங்களில் ஓராண்டு நிறுத்திவைப்பதைப் பேசவே முடியாது. கல்விக் கடனும் வீட்டு நிலையும் விடாது. அப்படியானால் அணியில் செய்யும் வேலைக்குப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மதிப்பு தருவதுதான் வழி. திட்டப்பணி, ஆய்வகத் தாள், விருப்பப் பாடம் ஏதாவது ஒன்றின் கணக்கில் அது சேர வேண்டும். கல்வி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் தன்னாட்சிக் கல்லூரி ஒன்று இதைச் செய்துவிட முடியும்.

வேலைவாய்ப்புக்கு அணி உதவுமா என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: உதவும். டெஸ்லாவின் ஏழாவது ஊழியராகச் சேர்ந்து அதன் முதல் காரின் பேட்டரியில் உழைத்த ஜீன் பெர்டிசெவ்ஸ்கி, ஸ்டான்ஃபோர்டு மாணவர் சூரியக் கார் அணியிலிருந்து போனவர். நேர்முகத் தேர்வில் நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்கு, உடைந்த ஒரு பாகத்தையும் அதன் காரணத்தையும் பத்து நிமிடம் விளக்கத் தெரிந்தவர் தனித்துத் தெரிவார். ஆனால் வேலைக்காக மட்டும் சேர்கிறவர் மூன்றாம் மாதமே கழன்றுவிடுவதையும் அணித் தலைவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

யார் சேர்கிறார்கள், யாரால் சேர முடிவதில்லை என்பது இன்னும் அவசரமான கேள்வி. ஏற்காடு வட்டத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மஞ்சக்குட்டையை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையின் இப்படிப்பட்ட ஊர்களில் அரசுப் பள்ளியில் படித்து, 2021-இல் வந்த 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. பட்டறைக் கதவு திறக்கவில்லை. பல அணிகளில் ஆளுக்கு இவ்வளவு என்று மாணவர்களே பணம் போட்டுத்தான் காரைக் கட்டுகிறார்கள். லட்சக் கணக்கில் ஆகும் செலவில் விளம்பரதாரர் தருவது கொஞ்சம். முதல் தலைமுறைப் பட்டதாரி தன் பங்கைக் கேட்டதுமே ஒதுங்கிக்கொள்வார், காரணத்தைச் சொல்லவும் மாட்டார்.

அடுத்தது நேரம். அணி வேலை வகுப்பு முடிந்து மாலையில்தான் சூடுபிடிக்கும். அந்த நேரத்தில் சேலத்திலிருந்து மலையேறும் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் கிளம்பிவிடுவார். மாணவியர் விடுதிகள் பலவற்றில் வாயிற்கதவு மாணவர் விடுதியைவிடச் சீக்கிரம் மூடுகிறது. ஆக, இரவு வரை தங்கக்கூடிய, கையில் காசுள்ள, பெரும்பாலும் ஆண் மாணவர்களின் கூட்டமாக அணி சுருங்குகிறது. திறமையால் இப்படி வடிகட்டப்படவில்லை, கடிகாரத்தாலும் பணப்பையாலும்தான். சனிக்கிழமை பகலை அணியின் முக்கிய வேலை நாளாக்குவது, செலவுக் கணக்கு, தரவு அலசல், கணினி வரைவு போன்றவற்றை வகுப்பு நேர இடைவெளிகளில் வைப்பது, ஆள் பங்குத் தொகையைக் கல்லூரியே ஏற்பது ஆகிய மூன்றையும் செய்யப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

மலையிலிருந்து வரும் மாணவர் அணிக்குக் கொண்டுவரும் சரக்கும் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஏறின கியரிலேயே இறங்கு என்று ஓட்டுநர்கள் சொல்வதை அவர் சிறுவயது முதல் கேட்டிருப்பார். கீழே வரும்போது பிரேக் லைனிங் தீய்ந்த வாடையையும் அறிவார். அந்த வாடைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1200 மீட்டர். ஒரு டன் எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். மின்வாரியக் கணக்கில் 3 யூனிட்டுக்குச் சற்று மேல். எஞ்சினும் காற்றும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள, மிச்சம் பிரேக்கில் வெப்பமாகிறது.

மின்சார வண்டி என்றால் மீள்மின் பிரேக் மூலம் அந்த 3 யூனிட்டில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பலாம். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மலைமேல் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நிறைந்த பேட்டரியோடு காலையில் இறங்குபவரின் வண்டிக்கு அந்த ஆற்றலை வைக்க இடமில்லை. மீள்மின் பிரேக் தானாகவே விலகிக்கொள்ளும், முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். சமவெளியில் ஓட்டுபவருக்கு இது கண்ணில் படாது. ஏற்காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு மூன்று சக்கர மின் வண்டியில் இறங்க நினைப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியிலிருந்து மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பவரின் பாதுகாப்பும் இதே வரிசையில் நிற்கும் வடிவமைப்புச் சிக்கல்தான். ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகள் கேட்கும் சிக்கல்கள் அல்ல இவை.

பிரேக் சோதனையைத் தொடங்கச் சேலத்து அணி ஒன்றுக்கு அதிகம் தேவைப்படாது. மின் வண்டியின் பிரேக் டிரம் சூட்டை அளக்க நான்கு தெர்மோகப்பிள், அளவைப் பதிவுசெய்ய ஒரு சிறு கருவி, உயரத்தையும் வேகத்தையும் காட்டும் ஜி.பி.எஸ்., அந்தப் பாதையை நன்கு அறிந்த ஓட்டுநர் ஒருவர். சுற்றுலா வண்டிகள் நெரியும் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாள் காலையில், ஒருமுறை முழு பேட்டரியோடும் ஒருமுறை முக்கால் பேட்டரியோடும் ஒரே எடையை ஏற்றிக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு வளைவிலும் டிரம் எவ்வளவு சூடாகிறது என்ற இரண்டு கோடுகள் கிடைக்கும். முக்கால் பேட்டரிக் கோடு எத்தனையாவது வளைவில் மற்றக் கோட்டைத் தொடுகிறது என்பதிலிருந்து, மலைமேல் எத்தனை சதவீதத்தில் சார்ஜை நிறுத்த வேண்டும் என்று அணி கணக்கிடத் தொடங்கலாம்.